ஆறு குடும்பங்கள் என்னைப் பார்த்த கோடை

அந்தக் கோடையில் ஆறு குடும்பங்கள் என்னைப் பெண் பார்த்தன. கடைசிக் குடும்பம் வரும்வரை நான் அவர்களில் ஒருவரைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. நான் மெட்ராஸைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. நாலு பேர் கூடும் இடத்தில் இன்றும் எனக்குப் பேச்சு வராது. வயதானால் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. போன மாதம்கூட ஒரு வளைகாப்பில் என் சித்தி எல்லோர் முன்னாலும், "இவளுக்கு மெட்ராஸ் பூரா சுத்திக் காட்டினது யாரு? நான்தானே!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் தாம்பாளத்தோடு வீட்டுக்கு வருவதற்கு முன்னால், பெண்ணுக்குத் தெரியாமல் வெளியில் எங்காவது வைத்து ஒரு முறை பார்த்துவிடுவார்கள். கோயில், பொருட்காட்சி, துணிக்கடை வாசல், எங்கே வேண்டுமானாலும். பிடிக்காவிட்டால் பேசாமல் போய்விடலாம். வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றுவிட்டு வேண்டாம் என்றால்தான் தெரு பேசும். நாலு பேர் பார்த்துவிட்டுப் போன பெண் என்று பெயராகிவிடும். பெண்ணின் நன்மைக்காகத்தான் இந்த ஏற்பாடு என்பார்கள். அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும்.

அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். எண்பதுகளின் பின்பாதி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் பாதி வயலாகவும் பாதி மனைக்கல் நட்ட பொட்டலாகவும் இருந்தது. அப்பாவுக்கு மேற்குத் தாம்பரத்தில் மாட்டுத் தீவனக் கடை. நான் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருந்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பிளஸ் ஒன் சேர வேண்டும். அதற்கான காரணத்தை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அக்கா உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் கையும் இரண்டு வளையலும் மட்டும் தெரியும். எத்தனை பெரிய கூட்டம் நின்றாலும் அவர் முன்னால் ஒரு கை மட்டும்தான் வரும். ஊர்ப் பெயரைக் கேட்டு, அட்டை டிக்கெட்டில் தேதி அடித்துத் தள்ளிவிட்டால் போதும். என்னைப் போன்ற கூச்சக்காரிக்கு அதைவிட நல்ல வேலை இருக்க முடியாது என்று நினைத்தேன். குறைந்தது பன்னிரண்டாவது முடித்தால்தான் அந்தப் பக்கம் நினைத்துப் பார்க்கலாம் என்று எங்கள் கணக்கு டீச்சர் சொல்லியிருந்தார். அப்பாவிடம் கேட்டபோது, "மொதல்ல ரிசல்டு வரட்டும்" என்றார்.

சித்தி அம்மாவின் தங்கை. ராஜகீழ்ப்பாக்கத்தில் குடியிருந்தாள். சித்தப்பா மெட்ராஸில் ஏதோ ஆபீசில் கிளார்க். எந்த பஸ் எங்கே போகும், எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்பதெல்லாம் சித்திக்கு அத்துப்படி. பரீட்சை முடிந்த வாரம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "இவள வூட்டுல வெச்சு இன்னா பண்ணப்போற? என்கூட அனுப்புக்கா. காலைல இட்டுனு போயி பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து வுட்டுடறேன்" என்றாள். தெருமுனைக் கடைக்குப் போனாலே பத்து கேள்வி கேட்கும் அம்மா, உடனே சரி என்றாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் சந்தோஷத்தில் இருந்தேன்.

அந்தச் சந்தோஷம் பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருக்கிறது. மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் சித்தி எனக்குத்தான் விடுவாள். மீனம்பாக்கம் தாண்டினால் காற்று மாறிவிடும். மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரிக்காய் வாங்கித் தருவாள். அவள் வாயில் எப்போதும் ஏதாவது வம்பு இருக்கும். ஒரு நாள் பல்லாவரத்தில் ஒரு அம்மாள் கருவாட்டுக் கூடையோடு ஏறி எங்கள் காலடியில் வைத்தாள்.

"எறங்கறதுக்குள்ள நம்மளும் கருவாடாயிடுவோம் போலக் கீதே" என்றாள் சித்தி, என்னிடம் சொல்வது போல.

"மூக்குல படக்கூடாதுன்னா மூக்க வூட்டுல கயட்டி வெச்சுட்டு வர்றது" என்றாள் கூடைக்காரி.

பெட்டி முழுக்கச் சிரித்தது. சித்தியும் சிரித்தாள். இறங்குவதற்குள் இரண்டு பேரும் சிநேகமாகிவிட்டார்கள். இப்படிப் பேச எனக்கு வராதே என்று நான் சித்தியை வாய் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்மேல் எனக்கு அவ்வளவு ஆசை.

முதலில் எழும்பூர் மியூசியம் போனோம். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே நின்றபோது எனக்கு மூச்சே நின்றது. சித்தி கூடத்தின் இந்தக் கோடியில் நின்றுகொண்டு, "அந்தக் கோடில ஒரு போர்டு கீது பாரு. போயி இன்னா போட்டிருக்கான்னு படி. சத்தமாப் படி, எனக்குக் கண்ணு சரியாத் தெர்ல" என்றாள். நான் நடந்து போய், கூச்சத்தோடு படித்தேன். "இன்னும் சத்தமா" என்றாள். இன்னும் சத்தமாகப் படித்தேன். அடுத்த வாரம் கடற்கரையில், "காத்துல தல கலைஞ்சு போச்சு, குந்து" என்று என் பின்னலை முழுக்க அவிழ்த்து, முதுகில் பரப்பிவிட்டு, நிதானமாகச் சீப்பு போட்டு மறுபடி பின்னினாள். மாம்பலத்தில் ஐஸ்கிரீம் வாங்கித் தந்துவிட்டு, எதிர்க்கடையில் போய் மணி கேட்டு வரச் சொன்னாள். அவள் கையிலேயே கடிகாரம் இருந்தது. ஓடவில்லையாம். பிறகு மயிலாப்பூர், வடபழனி கோயில்களுக்கும் கூட்டிப் போனாள்.

ஒவ்வொரு முறையும் நான் அதே அரக்குத் தாவணியைத்தான் கட்ட வேண்டும். அவள் பச்சைப் புடவை. "மெட்ராஸ் கூட்டத்துல தொலஞ்சிட்டா கண்டுபுடிக்கத் தோதா இருக்கும்" என்றாள். நான் அதையும் நம்பினேன். உண்மையில் அந்த நிறங்கள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லியனுப்பிய அடையாளம். நான் நடந்தது, கால் ஊனமில்லை என்று காட்ட. படித்தது, பார்வைக்கும் குரலுக்கும். தலையை அவிழ்த்தது, சவுரி வைக்கவில்லை என்று காட்ட. இத்தனையும் மெட்ராஸில் நடந்ததற்குக் காரணம், தாம்பரத்தில் எங்கே நின்றாலும் தெரிந்தவர் யாராவது எதிரே வருவார்கள் என்பதுதான். நான் மாடு விற்கும் சந்தையைப் பார்த்திருக்கிறேன், அப்பாவின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் மாட்டுக்காரர்கள். அங்கேகூட மாட்டுக்குத் தன்னைச் சந்தைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள் என்று தெரியும். கத்தும்.

மே கடைசியில் ரிசல்ட் வந்தது. பேப்பரில் என் நம்பர் இருந்தது. நல்ல மார்க்கும் வந்தது. பள்ளியில் பிளஸ் ஒன் பாரம் கொடுத்தார்கள். அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் ஆபீசில் கொடுக்க வேண்டும். "கையெல்லாம் பிண்ணாக்கு, அப்புறம் போடறேன்" என்று அப்பா மூன்று நாள் இழுத்தார். வியாழக்கிழமை சாயங்காலம் போட்டார். வெள்ளிக்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சித்தி வந்து நின்றாள்.

"அரக்குத் தாவணிய எட்த்துக் கட்டு. கிண்டி பார்க்குக்குப் போறோம்."

"இன்னிக்கு பாரம் குடுக்கணும் சித்தி. கடைசி நாளு."

"எத்தினி மணிக்குள்ள?"

"நாலு."

"அட போடி! ரெண்டு மணிக்கெல்லாம் உன்னத் தாம்பரத்துல எறக்கி வுட்டுடறேன். பாரத்தப் பையில வெச்சுக்க, எறங்கி நேராப் போயி குடுத்துடு."

"காலைலயே குடுத்துட்டுப் போலாமே."

"ஆபீசு பத்தரைக்குத்தான் தொறப்பான். அதுவரைக்கும் வெயில்ல காயணுமா?"

அம்மா உள்ளேயிருந்து, "சித்தி சொல்றா இல்ல, போய்ட்டு வா" என்றாள். நான் தாவணியை மாற்றிக்கொண்டு போனேன். மறுத்து இன்னொரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக என்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

பார்க்கில் மான்களுக்குப் பக்கத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். சித்தி வழக்கம்போல என்னைக் குழாய்வரை நடக்கவிட்டாள். மானுக்கு எதுவும் போடக்கூடாது என்ற போர்டைப் படிக்கவிட்டாள். பின்னலை அவிழ்த்துப் பின்னினாள். ஆனால் அன்று அவள் முகம் சரியில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. மறுபடி குழாய்வரை போய்வரச் சொன்னாள். தாகம் இல்லை என்றாலும் குடித்துவிட்டு வா என்றாள்.

"சித்தி, ரெண்டாயிடுச்சு. போலாம்."

"இரு, இன்னும் செத்த நேரம்."

இரண்டரைக்கும் இதையே சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. தனியாக எழுந்து போகலாம் என்று தோன்றவே இல்லை. பெரியவர்களோடு வந்தால் பெரியவர்களோடுதான் திரும்ப வேண்டும் என்று என்னை வளர்த்திருந்தார்கள்.

மூன்று மணிக்கு மேல் ஒரு பருமனான அம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே எங்களிடம் வந்தாள். பின்னால் குடையோடு அவள் வீட்டுக்காரர். அவருக்கும் பின்னால், தூரத்தில், ஒரு வாலிபன் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

"ராஜகீழ்ப்பாக்கந்தானம்மா நீங்க?" என்றாள் அந்த அம்மாள்.

சித்தி பதறி எழுந்தாள். "ஆமா... நீங்க?"

"கோவிலம்பாக்கம். மன்னிச்சுக்கம்மா, பெரிய தப்பாப் போச்சு. அரக்குத் தாவணி, பச்சைப் பொடவன்னு சொன்னீங்களா? அந்த ஊஞ்சலாண்ட அதே மாதிரி ரெண்டு பேரு குந்திகினு இருந்தாங்க. பதினோரு மணிலேர்ந்து நாங்க அந்தப் பொண்ணத்தான் பாத்துகினு இருந்தோம்."

"நல்லா சிரிச்சு சிரிச்சுப் பேசிச்சு. எங்களுக்குப் புடிச்சிப் போச்சு. பையனும் சரின்னுட்டான்" என்றார் குடைக்காரர், கொஞ்சம் ஏக்கத்தோடு.

"அப்புறம் பாத்தா ஒரு டூர் பஸ் வந்து நிக்குது. ரெண்டு பேரும் ஏறிப் போயிட்டாங்க. பச்சைப் பொடவ டீச்சராம்மே!"

"எந்த ஊரு பஸ்ஸுன்னு பாத்து வெச்சிருக்கலாம்" என்றார் அவர்.

"நீ சும்மா இருய்யா" என்று அதட்டிவிட்டு அந்த அம்மாள் சித்தியிடம் திரும்பினாள். "போனது போவட்டும். இப்ப இந்தப் பொண்ண ஒரு தபா நடக்கச் சொல்லுங்க, பாத்துக்கறோம்."

அந்த வருஷம் அரக்கு நிறம் எல்லாத் துணிக்கடையிலும் தொங்கியது. சித்திக்கு அது தோன்றவில்லை. எந்த ஊர்ப் பெண்ணோ, பெயர் தெரியாத ஒருத்தி ஊஞ்சலில் உட்கார்ந்து டீச்சரோடு சிரித்ததை அவர்கள் நாலு மணிநேரம் பார்த்துச் சம்மதமும் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை நான் பையில் பாரத்தோடு தண்ணீர்க் குழாய்க்கும் பெஞ்சுக்குமாக நடந்திருக்கிறேன். யாரும் என்னைப் பார்க்கக்கூட இல்லை.

சித்தி என் பக்கம் திரும்பி, முன்பெல்லாம் எப்படிச் சொன்னாளோ அதே கொஞ்சலோடு சொன்னாள். "கேட்டாண்ட போயி மணி இன்னா ஆச்சுன்னு கேட்டுட்டு வா கண்ணு."

அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. மியூசியம், கடற்கரை, மாம்பலம், எல்லாமே.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கேட்டுக்கு நடந்தேன். காவலாளியிடம் மணி கேட்டேன். மூன்றேகால் என்றார். நான் திரும்பவில்லை. வெளியே வந்து நடந்துகொண்டே இருந்தேன். சித்தி கூப்பிடும் சத்தம் கேட்டது. கிண்டி ஸ்டேஷன்வரை வெயிலில் நடந்தே போய் ரயில் ஏறினேன். மெட்ராஸிலிருந்து நான் தனியாகத் திரும்பியது அதுதான் முதல் தடவை. பயமாகக்கூட இல்லை. கோபத்தில் பயத்துக்கு இடமிருக்கவில்லை.

பள்ளிக்குப் போனபோது நாலரை. ஆபீசைப் பூட்டிக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு முடிஞ்சு போச்சும்மா. திங்கக்கெழம அப்பாவ இட்டுனு வா. அவரு வந்து ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட ஒரு வார்த்த சொன்னா வாங்கிப்பாங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது.

நான் வீட்டுக்கு வந்த அரைமணியில் சித்தி வந்தாள். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாள். "மானம் போச்சுக்கா! அவங்க முன்னாடி எழுந்து போறா! என் ரிட்டன் டிக்கெட்டு இவகிட்ட இருந்துச்சு, அதையும் எட்த்துனு பூட்டா. நான் மறுபடி லைன்ல நின்னு டிக்கெட்டு வாங்கினு வர்றேன்!"

தன் கையில் இருந்தால் தொலைந்துவிடும் என்று அவள் எப்போதும் இரண்டு டிக்கெட்டையும் என்னிடம்தான் கொடுத்து வைப்பாள். அந்தக் கோபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்திருந்தால் அறைந்திருப்பாள்.

"எத்தினி பேரு சித்தி?" என்று கேட்டேன்.

"இன்னா எத்தினி பேரு?"

"என்னப் பாத்தவங்க."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள். பிறகு சித்தி, ஏதோ தான் பட்ட கஷ்டத்தைச் சொல்வது போல, விரல் விட்டுச் சொன்னாள். மியூசியத்தில் பார்த்தவர்கள் நிறம் கம்மி என்றார்களாம். கடற்கரையில் பார்த்தவர்கள் பெண் ஒல்லி என்றார்களாம். மாம்பலத்துக்காரர்கள் பதிலே சொல்லவில்லையாம். மயிலாப்பூரில் குரல் எழும்பவில்லை என்றார்களாம். வடபழனியில் ஜாதகம் இடித்ததாம். ஐந்து வீட்டில் என்னை வேண்டாம் என்றிருக்கிறார்கள். அந்தந்த நாளில் நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திமிங்கலம் இவ்வளவு பெரிசு என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அப்படியா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"கேட்டா நீ வருவியா?" என்றாள் அம்மா.

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

பாவம், அவர்களுக்குத் தெரியாது என்று மன்னிக்க வழியில்லை. எனக்குப் படிக்க வேண்டும் என்று தெரியும். கேட்டால் மறுப்பேன் என்று தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை. குனிந்த தலையோடு பேசாமல் வரும் பெண்ணை எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று என் கூச்சத்தை அவர்கள் எனக்கு முன்பே அளந்து வைத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை அப்பாவைக் கூப்பிட்டேன். தவிடு லோடு வருகிறது என்றார். செவ்வாய்க்கிழமை நான் மட்டும் போய் ஆபீஸ் வாசலில் நின்றேன். "அப்பா எங்கம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார். "வருவாரு" என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கடந்து இரண்டு முறை போனார். நின்று அவரிடமே சொல்லியிருக்கலாம். மத்தியானம்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். புதன்கிழமை அப்பாவுக்கு வேறொரு வேலை.

வியாழக்கிழமை சித்தி துள்ளிக்கொண்டு வந்தாள். "கோவிலம்பாக்கத்துல சரின்னுட்டாங்கக்கா! பொண்ணு வெக்கப்பட்டு எழுந்து போச்சாம். இந்தக் காலத்துல இப்படி வெக்கப்படற பொண்ணு கெடைக்குமான்னு அந்தம்மா கேக்குதாம். ஞாயித்துக்கெழம தட்டோட வர்றாங்க!"

நான் கோபித்துக்கொண்டு போனதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். இதற்குமேல் என்ன செய்தால் அவர்களுக்குப் புரியும் என்று அன்று முழுவதும் யோசித்தேன். வீட்டில் சொன்னால் அப்பா கத்துவார், அம்மா அழுவாள், அதோடு முடிந்துவிடும். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே பயம், நாலு பேர் பார்க்க ஏதாவது நடந்துவிடுமோ என்பது. என்னைத் திருட்டுத்தனமாக மெட்ராஸுக்குக் கூட்டிப் போனதும் அந்தப் பயத்தில்தான்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போனேன். கூட்டமான நேரம். நாலைந்து மாட்டுக்காரர்கள் நின்றிருந்தார்கள். அப்பா தராசில் பருத்திக்கொட்டை போட்டுக்கொண்டிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம அவங்கள வரவேணாம்னு சொல்லிடுங்கப்பா. வந்தாங்கன்னா நான் கூடத்துல நின்னு, என்ன ஏமாத்தித்தான் இட்டுனு போனாங்கன்னு அவங்க மொகத்துக்கு நேரா சொல்லுவேன்."

தராசுத் தட்டு ஆடி நின்றது. மாட்டுக்காரர்களில் வயதான ஒருவர், "இன்னாப்பா, ஊமைன்னு நெனைச்சேன், இது இம்மாம் பேசுது!" என்றார். அப்பாவின் காது சிவந்தது.

"சரி. வூட்டுக்குப் போ" என்றார்.

"பாரம்?"

"வூட்டுக்குப் போன்னு சொன்னேன்."

அன்றைக்கே கடையைப் பாதியில் சாத்திவிட்டு, அந்த வெயிலில் கோவிலம்பாக்கம்வரை சைக்கிள் மிதித்துப் போய், பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வர இருட்டிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை, பிளஸ் ஒன் வகுப்பு தொடங்கியும் பாரம் என் பையிலேயே கிடந்தது. கேட்கும்போதெல்லாம் கடையை விட்டு எப்படி வருவது என்றார். பள்ளிக்கூடம் கடையிலிருந்து இரண்டாவது தெரு.